மறு: ஃபிலிமில் ஏறும் ‘ஃபாக்’ – மங்கலா, மூட்டமா?

அனைவருக்கும் வணக்கம்.

கேமரா ஃபிலிமில் ஏறும் வேண்டாத கருமையை ஆங்கிலத்தில் ‘ஃபாக்’ என்கிறோம், அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் மூடுபனி, மங்கல், கருமறைப்பு, காலாவதிக் கறை. என் ஓட்டு இந்த நான்குக்கும் இல்லை, ‘மூட்டம்’ என்ற சொல்லுக்கு. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஃபிலிம் பழசானால் படம் மங்கிப்போகிறது. ‘மங்கல்’ போதாதா?

போதாது ஐயா. மங்குவது பிரிண்டில் நமக்குத் தெரிகிற விளைவு, நெகட்டிவில் நடப்பது அதற்கு நேர் எதிர். ஒளியே படாத இடத்திலும் வெள்ளி கறுத்து நிற்பதுதான் ஃபாக். வெயிலில் பல வருடம் கிடந்த கறுப்பு வெள்ளை ரோல் ஒன்றைக் கழுவி (டெவலப் செய்து), ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓட்டை வரிசை ஓடுகிற ஓரப்பகுதிக்கு லென்ஸ் வழியாக எதுவும் வந்திருக்காது, புது ரோலில் அந்த இடம் கிட்டத்தட்டத் தெளிவாக இருக்கும். இதிலோ அங்கேயும் சாம்பல் பூத்திருக்கும், 24, 24ஏ என்று ஓரத்தில் பதிந்திருக்கும் எண்கள்கூட அதற்குள் பாதி அமிழ்ந்து கிடக்கும். ஆக நெகட்டிவில் எதுவும் குறையவில்லை, வேண்டாத ஒன்று கூடியிருக்கிறது. மங்கல் என்ற சொல்லைக் கழுவின வண்ண நெகட்டிவில் சாயம் வெளிறுவதற்கு ஒதுக்கிவைப்போம், அங்கேதான் அது உண்மையிலேயே மங்குகிறது.

‘மூட்டம்’ என்றால் வினையும் கையோடு கிடைக்கிறது. ஸ்டூடியோக்காரர்கள் “ஃபிலிம் ஃபாக் அடிச்சிருச்சு” என்பார்கள். அதையே “சுருள் மூட்டம் போட்டுவிட்டது” என்று எழுதினால், வானம் மூட்டம் போட்டிருக்கிறது என்று தினமும் சொல்கிறவர்களுக்கு உறுத்தாது. ‘கருமறைப்பு கொண்டது’ என்று யாராவது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்களேன்.

> வாழைத்தாரை மூட்டம் போடுவோமே, குழப்பாதா?

குழப்பாது அக்கா. மூடிவைத்த இடத்தில், நம் கண் படாமல், சூட்டில் ஒன்று தானாக ஏறுவது இரண்டுக்கும் பொதுதானே.

அப்புறம் ‘காலாவதிக் கறை’. இந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டையே. பெட்டியில் அச்சிட்ட தேதி தாண்டினால் கெட்டுவிடும், தாண்டாவிட்டால் கெடாது என்ற நினைப்பை இது வளர்க்கிறது. மே மாதத்து வேலூரில் கார் டேஷ்போர்டில் கிடந்த ரோல் தேதிக்கு முன்பே கெடலாம். ஃப்ரீசரில் இருந்த குறைந்த வேக ரோல், அதாவது ஒளியை மெதுவாகப் பதிவது, தேதி தாண்டிப் பல வருடம் கழித்தும் நல்ல படம் தரலாம். ஃபிலிம் மேல் பூசிய ஜெலட்டினுக்குள் இருக்கும் வெள்ளி உப்புப் படிகங்களில், ஒளி படாமலே, வெப்பத்தால் மெல்ல மெல்ல வெள்ளித் துகள்கள் உருவாகின்றன. அப்படி ஆன படிகத்தைக் கழுவும் ரசாயனமான டெவலப்பர் ஒளி பட்டதாகவே எடுத்துக்கொண்டு கறுக்கவைக்கிறது. குளிரில் இந்த வேலை மந்தமாகிறது. சினிமா நெகட்டிவுக்குக் கொடாக் சொல்லும் கணக்கு, வாங்கியது முதல் 13 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே, ஆறு மாதத்துக்கு மேல் வைப்பதானால் மைனஸ் 18. 1960இல் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸை உதகையில் தொடங்கியதற்கு அந்த ஊரின் குளிரும் தூசு குறைந்த காற்றும் தோதாக இருந்தன என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் குளிரால் ஆகாத ஒன்றும் இருக்கிறது. மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் வந்துகொண்டே இருக்கிற கதிர்வீச்சுக்கு ஃப்ரிட்ஜ் கதவு ஒரு பொருட்டே இல்லை. படிகம் பெரிதாக ஆக அடி அதிகம், வேகம் கூடிய ரோலில் படிகமும் பெரிது, அதனால்தான் 3200 வேக ரோலை எவ்வளவு குளிரில் வைத்தாலும் 50 வேக ரோல் அளவுக்கு அது தாக்குப்பிடிப்பதில்லை. ஆகவே காரணத்தைச் சொல்லும் கூட்டுச்சொற்கள் வேண்டும். வெப்பமூட்டம், கதிர்மூட்டம், கேமரா இடுக்கு வழியே வெளிச்சம் புகுந்தால் ஒளிமூட்டம். ஒளிபடாமலே எந்தச் சுருளிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அது அடிமூட்டம்.

கதிர்மூட்டத்துக்குப் பெரிய வரலாறே உண்டு. 1896இல் பாரிஸில் பெக்கரல் என்ற விஞ்ஞானி, கறுப்புத் தாளில் சுற்றிய ஒளிப்படத் தகட்டை யுரேனிய உப்போடு மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு எடுத்துக் கழுவிப் பார்த்தபோது தெரிந்த கருமை இதுதான், கதிரியக்கம் அங்கிருந்துதான் பிடிபட்டது. 1945இல் நியூ மெக்சிகோவில் முதல் அணுகுண்டைச் சோதித்த பிறகு கொடாக்கின் எக்ஸ்ரே ஃபிலிமில் புள்ளி புள்ளியாக மூட்டம் விழுந்தது. தோண்டிப் பார்த்தால் குற்றவாளி ஃபிலிமைப் பொதிந்திருந்த வைக்கோல் அட்டை! எங்கோ வெடித்ததன் துகள் மழையோடு இறங்கி, இந்தியானா மாநில அட்டை ஆலை எடுத்த ஆற்றுநீரில் கலந்து, அட்டைக்குள் போய்விட்டது. இதைப் போய்க் ‘காலாவதிக் கறை’ என்று எழுத முடியுமா? இன்று விமான நிலையங்களில் கைப்பைக்கு வந்திருக்கும் சிடி (CT) எக்ஸ்ரே ஸ்கேனர் செய்வதும் கதிர்மூட்டம்தான், ரோலைக் கையில் எடுத்துக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

> ‘கோல்டு ஸ்டோரேஜ்’ – தண்மைக்காப்பு?

வேண்டாமே. உருளைக்கிழங்குக்கு ஊரெல்லாம் குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது, ஃபிலிமுக்கும் குளிர்பதனம் என்றே இருக்கட்டும். இருக்கிற சொல்லைத் தள்ளிவிட்டுப் புதிது செய்வது நம் குழுவுக்கே பிடித்த வியாதி.

புதுச்சொல் உண்மையில் தேவைப்படுவது வேறு இடத்தில். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறந்தால், சென்னைக் காற்றின் ஈரம் முழுக்க ஃபிலிம் மேல் முத்து முத்தாக வந்து உட்காரும். ஜெலட்டின் அதைக் குடித்துவிட்டால் அந்த இடம் திட்டுத் திட்டாகக் கழுவப்படும், 120 என்ற அகல ரோலில் ஃபிலிமோடு சேர்த்துச் சுற்றியிருக்கும் முதுகுத்தாளின் எண்ணே படத்தில் ஏறுவதும் உண்டு. அதனால் அறைச்சூட்டுக்கு வரும்வரை மூடியைத் தொடக் கூடாது. சின்ன ரோலுக்கு ஒன்றிரண்டு மணி நேரம், பெரிய 35 மிமீ சினிமா கேனை ஃப்ரீசரிலிருந்து எடுத்தால் ஐந்து மணி நேரம்வரை. இந்தக் காத்திருப்புக்கு நான் வைப்பது ‘குளிர்விடு நேரம்’. குளிர்விட்டுப்போச்சு என்றால் பயம் போய்விட்டது என்றுதானே பொருள் என்று யாராவது கேட்பீர்கள். கேளுங்கள், அந்த நேரம் முடிந்த பிறகு பயமில்லாமல் திறக்கலாம்தானே.

ஒன்று மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். படம் எடுத்துவிட்டுக் கழுவாமல் வருடக்கணக்கில் வைத்த ரோலில், மூட்டம் ஏறுவதோடு, ஒளி ஏற்கெனவே பதித்துவைத்ததும் தேய ஆரம்பிக்கும். ஒன்று கூடுகிறது, மற்றது குறைகிறது, இரண்டும் வேறு வேறு. எடுத்த ரோலைக் குளிர்பதனத்தில் வைத்துத் தள்ளிப்போடாமல் சீக்கிரம் கழுவச் சொல்வது அதனால்தான். இந்தத் தேய்மானத்துக்கும், கழுவும் முன் உள்ளே ஒளிந்திருக்கும் பிம்பத்துக்கும் தனி இழை தொடங்குங்கள். ‘உள்ளுறை பிம்பம்’ என்று யாரோ முன்பு இங்கே எழுதியது எனக்குப் பிடித்திருந்தது, ‘மறைபிம்பம்’ கட்சிக்காரர்கள் அங்கே வந்து பேசட்டும்.

அன்புடன்