புத்தகத்தைத் திறந்தாலும் மனம் ஒட்டவில்லை, என்ன செய்யலாம்?

கேட்பவர்: பட்டர்வொர்த் மாணவி

வணக்கம் அண்ணன்களே, அக்காக்களே. நான் படிவம் ஆறு, மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வின் இரண்டாம் தவணை. முதல் தவணையில் பெங்காஜியான் அம் (பொது அறிவுப் பாடம்) தாளுக்கு சி வந்தது. கூடப் படித்தவர்கள் பலர் பல்கலைக்கழகத்துக்கான இன்னொரு வழியான மெட்ரிக்குலேஷன் படிப்புக்குப் போய்விட்டார்கள். வாட்ஸ்அப்பில் அவர்கள் போடும் படங்களைப் பார்த்தால் நான் மட்டும் பின்தங்கிவிட்ட மாதிரி இருக்கிறது. மாலையில் அம்மாவுக்கு வடைக் கடையில் உதவிவிட்டு எட்டு மணிக்குத்தான் உட்காருகிறேன். ஒரே பக்கத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊக்கப் பேச்சு கேட்டால் அந்த ராத்திரி மட்டும் தெம்பு வருகிறது. உங்களுக்கு உண்மையிலேயே எது கைகொடுத்தது?

குளுகோர் அக்கா

தங்கச்சி, நானும் எஸ்டிபிஎம் எழுதித்தான் யூஎஸ்எம் பல்கலைக்கழகம் போனேன். முதலில் ஒன்று: மூன்றாம் தவணை முடிந்ததும் முந்தைய இரண்டு தவணைத் தாள்களையும் மறுபடி எழுதலாம். அந்த சி முடிந்த கதை இல்லை.

எட்டு மணிக்குப் புத்தகத்தைத் திறக்காதே. வெறும் தாளில் 'நாடாளுமன்றம்' என்று தலைப்புப் போட்டு, நினைவில் உள்ளதை மட்டும் எழுது. நாலு வரி வந்தாலும் சரி. அப்புறம் புத்தகத்தைப் பார்த்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவால் சேர். 2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நின்றிருந்தது. வாசித்தவுடன் 'எல்லாம் தெரியும்' என்று தோன்றுவதை நம்பாதே. கை ஓட ஆரம்பித்தால் மனமும் பின்னாலேயே வரும், எனக்கு அப்படித்தான் வந்தது.

அந்த வாட்ஸ்அப் படங்களைப் பரீட்சை முடியும்வரை மறைத்து வை. தோழிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பிறை ஊர்க்காரர், இரண்டு பிள்ளைகளின் அப்பா

பிள்ளை, கடை வேலையும் பார்த்துவிட்டுப் படிக்க உட்காருகிறாயே, அதுவே பெரிய விஷயம். வடைச் சட்டிப் பக்கத்தில் நின்ற உடம்புக்கு முதலில் குளியலும் சாப்பாடும் கொடு. ஞாயிறு காலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஃபெர்ரி ஏறி அக்கரையில் பினாங்குத் தீவுக்குப் போ, தண்ணீர்மலைப் பூங்காவில் நடந்துவிட்டு வா. இருவருக்குமே அது வேண்டும்.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய்விட்டால் அதைச் சோம்பல் என்று நினைக்காதே. பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் சொல். ராத்திரியில் மனம் ரொம்பக் கனத்தால் பிஃப்ரெண்டர்ஸ் என்ற மன ஆதரவுத் தொலைபேசிச் சேவை இருக்கிறது, 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். வீட்டிலும் சொல்லம்மா.

பட்டர்வொர்த் மாணவி

நன்றி அக்கா, நன்றி அங்கிள். தூக்கமெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நேற்று எழுதிப் பார்த்தேன். மக்களவை 222 வந்தது. மேலவை 70 என்பதும் வந்தது, ஆனால் மாநிலத்துக்கு இருவர் வீதம் 26, மாமன்னர் நியமிப்பது 44 என்ற பிரிவு சுத்தமாக விட்டுப்போயிருந்தது. சிவப்பில் எழுதிவிட்டேன். கட்டுரைக் கேள்விக்கும் இப்படியே செய்யலாமா?

குளுகோர் அக்கா

தாராளமாக. முழுக் கட்டுரை வேண்டாம், கருத்துகளை மட்டும் எழுது. வெள்ளிக்கிழமை அதே தலைப்பை மறுபடி எழுதிவிட்டு இங்கே சொல்.