ரோபோ செல்லின் வேலித் திறப்புகள்: வலைக்கண் 30 மி.மீ. என்றால் 300 மி.மீ. இடைவெளி போதுமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் ஆலையில் அட்டைப்பெட்டிகளைப் பேலட்டில் அடுக்கும் ரோபோவைச் சுற்றி 2,000 மி.மீ. உயரத்தில் கம்பிவலை வேலி அமைத்திருக்கிறோம். வலைக்கண் 30 மி.மீ. அகலமும் 100 மி.மீ. நீளமும் உடையது. கிரிப்பர் (பெட்டியைப் பிடிக்கும் ரோபோவின் முனை) வலையை மிக நெருங்கும் இடத்தில் 300 மி.மீ. இடைவெளி இருக்கிறது. உள்ளங்கை நுழையாது, ஆகவே இதுவே போதும் என்கிறார் வேலி அமைத்தவர். பெட்டிகள் உள்ளே வரும் கன்வேயர் திறப்பு 450 × 400 மி.மீ.; பேலட் வெளியேறும் வழியின் அகலம் 1,300 மி.மீ. இவற்றை எப்படிக் காப்பது?

பதில் 1:
போதாது. ஐஎஸ்ஓ 13857 தரநிலை திறப்பின் அகலத்தோடு வடிவத்தையும் கணக்கில் எடுக்கிறது. 20 மி.மீ.க்கு மேல் 30 மி.மீ. வரையுள்ள கண் சதுரமாக இருந்தால் 120 மி.மீ. தொலைவு போதும். உங்களுடையது நீள்பிளவு. பிளவின் நீளம் 65 மி.மீ.க்குள் இருந்தால் கட்டைவிரல் தடையாக நிற்கும் என்பதால் 200 மி.மீ. வரை குறைக்கலாம், 100 மி.மீ. பிளவில் அந்தத் தடை இல்லாததால் 850 மி.மீ. வேண்டும். வேலியை நகர்த்த வேண்டியதில்லை. கிரிப்பர் நெருங்கும் பகுதியில் மட்டும் பிளவின் அகலம் 20 மி.மீ.ஐத் தாண்டாத வலையையோ பாலிகார்பனேட் தகட்டையோ பொருத்தினால் 120 மி.மீ. போதும், உங்களிடம் 300 இருக்கிறது. வேலியின் அடி இடைவெளி 180 மி.மீ.ஐத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
மற்ற இரண்டு திறப்புகளே எனக்கு அதிகக் கவலை தருகின்றன. 120 மி.மீ.க்கு மேற்பட்ட திறப்புக்கு, மேலே சொன்ன தொலைவுகளைத் தரும் ஐஎஸ்ஓ 13857 அட்டவணை பொருந்தாது. 450 × 400 மி.மீ. வழியாக, சிக்கிய பெட்டியை எடுக்கப்போகும் ஒருவர் தோள்வரை மட்டுமல்ல, உடலோடு உள்ளே போய்விடலாம். இரண்டிலும் லைட் கர்ட்டன் (ஒளிக்கதிர் தடைபட்டால் ரோபோவை நிறுத்தும் கருவி) வைத்து, சரக்கு கடக்கும் நேரத்துக்கு மட்டும் மியூட்டிங் (அதன் காவலைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தல்) கொடுங்கள். மியூட்டிங் சென்சார் ஒன்றே ஒன்றாக இருந்தால் அதைக் கையால் மறைத்தே உள்ளே நுழைந்துவிட முடியும்; ஒன்றையொன்று சாராத இரண்டு சென்சார்களாவது வேண்டும். பேலட் வெளியேறும்போது அதன் பக்கவாட்டில் ஆள் நுழையும் அளவுக்கு இடம் மிஞ்சக் கூடாது.

லைட் கர்ட்டனை எங்கே நிறுத்துவது என்பதை ஐஎஸ்ஓ 13855 சொல்கிறது. ஆள் நுழைவதைக் கண்டறியும் பல கதிர் அமைப்பில், நொடிக்கு 1,600 மி.மீ. என்ற ஆளின் நடை வேகத்தை மொத்த நிறுத்த நேரத்தால் பெருக்கி, 850 மி.மீ. கூட்ட வேண்டும். அந்த நேரம் 0.6 நொடி என்றால் ஆபத்துப் பகுதியிலிருந்து 1,810 மி.மீ. தள்ளி வைக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நிறுத்த நேரத்துக்கு ரோபோ கையேட்டில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 2:
அதை மட்டும் எடுக்காதீர்கள். லைட் கர்ட்டன், அதன் சமிக்ஞையைப் பெற்று ரோபோவை நிறுத்தும் பாதுகாப்பு ரிலே ஆகியவற்றின் தாமதமும் அதனோடு சேர வேண்டும். முழு எடையைத் தூக்கி, கை முழுவதும் நீண்டு, உச்ச வேகத்தில் ஓடும்போது நீங்களே அளந்து, கிடைத்த மிக நீண்ட நேரத்தையே கணக்கில் வையுங்கள். பிரேக் தேயத் தேய அந்த நேரம் கூடும் என்பதால், குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுபடி அளப்பதையும் பராமரிப்பு அட்டவணையில் சேர்த்துவிடுங்கள்.