இண்டக்ஷன் அடுப்பு வாங்க யோசனை தேவை

வணக்கம். நான்கு பேருக்கான அன்றாடச் சமையலைத் தாங்கும் இண்டக்ஷன் அடுப்பு தேடுகிறேன். ஒற்றையா, இரட்டையா என்பதில் குழப்பம். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சமையலறையில் 16 ஆம்பியர் பிளக் ஒன்றுதான் இருக்கிறது. இரட்டை அடுப்புக்குத் தனி வயர் இழுக்க வேண்டுமா?

காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் இண்டக்ஷனுக்கு ஆகும் என்பதால் காந்தம் வைத்துப் பார்த்தேன். அலுமினியக் குக்கர் தேறவில்லை, போகட்டும். இரும்புத் தோசைக்கல்லில் நன்றாக ஒட்டியது. ஆனால் கடையில் பார்த்த அடுப்புகளில் உள்ளிருக்கும் காயில் (கம்பிச்சுருள்) சிறியது. நடுவில் கருகி, ஓரம் வெளுத்த தோசைதான் வரும் போலிருக்கிறது. அகலமான காயில் உள்ள அடுப்பு வைத்திருப்பவர்கள் மாடலைச் சொல்லுங்கள். குறைந்த சூட்டில் பால் சீராகக் காய்கிறதா, விட்டுவிட்டுக் கொதிக்கிறதா? தொடு பொத்தான் மட்டும் வேண்டாம். ஈரக்கையோடு அதனுடன் மல்லுக்கட்ட என்னால் ஆகாது. 8000 ரூபாய்க்குள் இருந்தால் நல்லது.