மறு: விடுபட்ட வேலை, விலக்கிய வேலை: இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

அன்புள்ள எல்லோருக்கும்,

நாளை மறுநாள் மொழிபெயர்ப்பைக் கொடுத்தாக வேண்டும், அதனால் சிக்கல் எங்கே என்று இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். அரசுக் கட்டுமான ஒப்பந்தத்தில் 'ஒமிட்டட் ஐட்டம்' என்ற ஒரே பெயரில் இரண்டு சங்கதிகள் வருகின்றன. ஒன்று, செய்தே தீர வேண்டிய வேலை, ஆனால் அளவுப் பட்டியல் (ஒவ்வொரு வேலைக்கும் அளவும் விலையும் எழுதும் பட்டியல்) போட்டவர் எழுதாமல் விட்டது. மற்றது, பட்டியலில் விலையோடு இருந்ததை, கையெழுத்தான பிறகு, வேண்டாம் என்று எடுத்துவிடுவது. முதலாவதில் ஒப்பந்ததாரர் செய்த வேலைக்குப் பணம் கேட்கிறார். இரண்டாவதில் செய்யாத வேலையை நம்பி இறக்கிய ஆளுக்கும் சாமானுக்கும் கேட்கிறார். இரண்டையும் 'விடுபாடு' என்று எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்?

> முதலாவதைத் 'தொக்க வேலை' என்க. தண்ணீர்க்குடம் என்றால் 'தண்ணீரை உடைய குடம்' என்று உருபும் பயனும் தாமே விரிவதுபோல, எழுதாவிட்டாலும் உள்ளே நிற்கும் வேலை அது.

ஐயா, இதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க யோசித்தேன், ஆனால் ஏற்க முடியவில்லை. இலக்கணத்தில் இப்படி உருபு மறைந்து நிற்பது 'தொகை', ஒப்பந்தத்தில் 'தொகை' என்றால் பணம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அஸ்திவாரக் குழியை எடுத்துக்கொள்ளுங்கள். தோண்டுவதற்குக் கனமீட்டர் கணக்கில் ரேட் இருக்கிறது, ஊற்றுத் தண்ணீரை இறைப்பதற்கு வரியே இல்லை. மோட்டார் இரவு பகலாக ஓடுகிறது, நிறுத்தினால் விடிவதற்குள் கம்பி கட்டிய இடம் முழுகிவிடும். அந்தச் செலவு தோண்டும் ரேட்டுக்குள் அடக்கமா, தனியா என்பதுதானே வழக்கே! மொத்த விலை ஒப்பந்தமா, அளந்து கொடுக்கும் ஒப்பந்தமா, அளவு விதிகள் என்ன சொல்கின்றன என்று பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். 'தொக்க வேலை' என்று எழுதிய உடனே அடக்கம் என்று தீர்ப்பாகிவிடுகிறது, ஒப்பந்ததாரர் வாயைத் திறக்கும் முன்பே தோற்கிறார்.

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் முதலாவதான 'குன்றக் கூறல்' (சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது) வேண்டும் என்ற அம்மாவுக்கும் இதே பதில்தான். அது மறுபக்கம் சாய்கிறது, பட்டியல் போட்டவர் தப்பு செய்தார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. யாப்பருங்கலக்காரிகையில், முன் இயல்களில் சொல்லாமல் விட்டதைச் சொல்லும் ஒழிபியலிலிருந்து 'ஒழிபு' எடுக்கலாம் என்ற பேச்சு எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் சைட்டில் இருக்கும் மேற்பார்வையாளருக்கு அது மிச்சம் மீதி என்றுதான் காதில் விழும்.

ஆகவே முதலாவது 'பட்டியலில் விடுபட்ட வேலை'. நீளம்தான், பரவாயில்லை.

இரண்டாவதற்கு 'நீக்கிய வேலை' என்று பலர் கைதூக்கினீர்கள். பழைய பூச்சை நீக்குவது, செடிகொடி நீக்குவது என்று பட்டியலிலேயே நீக்கும் வேலைகள் இருக்கின்றனவே? 'கைவிட்ட வேலை' என்றால் ஒப்பந்ததாரர் பாதியில் போட்டுவிட்டு ஓடியதுபோல் ஆகிறது. ஃபிடிக் என்ற சர்வதேச ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பின் 1999-ஆம் ஆண்டு கட்டுமான மாதிரி ஒப்பந்தமான சிவப்புப் புத்தகத்தின் 13.1-ஆம் விதி, ஒரு வேலையை எடுத்துவிடலாம், ஆனால் வேறொருவரிடம் கொடுத்துச் செய்வதற்காக எடுக்கக் கூடாது என்கிறது. எடுப்பவர் கட்டுவிப்பவர்தான் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். அதனால் 'விலக்கிய வேலை' என்று போடுகிறேன்.

—

> அதனால் 'விலக்கிய வேலை' என்று போடுகிறேன்.

விலக்கு என்றால் வரிவிலக்கு மாதிரி சலுகை என்று படிக்க மாட்டார்களா? தவிர, தொகை பற்றி நீங்கள் சொன்னது சரியில்லை. தொக்கது எது என்று விரித்துக் காட்டுவது உரைகாரர் வேலை, இங்கே நடுவர் வேலை. சொல் தீர்ப்புச் சொல்லவில்லை. தொல்காப்பியத்தில் தொகைகளைச் சொல்லும் எச்சவியலிலிருந்து விரிவாக இன்றிரவு எழுதுகிறேன்.

—

ஐயா, எழுதுங்கள், கட்டாயம் படிப்பேன். கோப்பில் இப்போதைக்கு 'விடுபட்ட', 'விலக்கிய' என்றே இருக்கிறது. ஐந்து பேர் சரி என்றிருக்கிறார்கள், உங்கள் மறுப்பை அடிக்குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.