தேர்ச்சி விழுக்காட்டுப் பட்டியலும் மெல்லக் கற்கும் பிள்ளைகளும்

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017 மே மாதத்தில் தமிழக அரசு கைவிட்டபோது, பிள்ளைகளின் சுமை குறையும் என்று மனதார நம்பினேன். ஆனால் மாவட்டங்களைத் தேர்ச்சி விழுக்காட்டின்படி வரிசைப்படுத்துவது தொடர்கிறது. ‘நம் மாவட்டம் எத்தனையாவது இடம்?’ என்று மேலே எழும் கேள்வி, தலைமையாசிரியர் வழியாகப் பாட ஆசிரியரிடம் வந்து நிற்கிறது. பத்தாம் வகுப்பில் இருபது பேரே படிக்கும் எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினாலே ஐந்து விழுக்காடு இறங்கிவிடும். இதனால், நாமினல் ரோல் எனப்படும், பொதுத்தேர்வு எழுதுவோரின் பெயர்ப்பட்டியலைத் தயாரிக்கும் காலத்தில் மெல்லக் கற்கும் பிள்ளைகளின் பெற்றோரை அழைத்து, ‘டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், தனித்தேர்வராக எழுதலாம்’ என்று அறிவுறுத்தும் பேச்சு எங்கள் வட்டாரத்தில் தலைதூக்குகிறது. மீளாய்வுக் கூட்டத்தில் இதை எதிர்த்துப் பேச எந்த வாதம் எடுபடும்?

பதில்: ஓய்வுபெற்ற முதுகலைக் கணித ஆசிரியர்

அம்மா, மேல்நிலை வகுப்புகளில் நடந்ததை அங்கே எடுத்துச் சொல்லுங்கள். பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டது கிராமப்புறப் பிள்ளைகளுக்குக் கிடைத்த நியாயம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிளஸ் டூ மதிப்பெண்ணே அனைத்தையும் தீர்மானித்ததால், பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை நடத்தாமல் விட்டு, இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே மனப்பாடம் செய்வித்தன. அப்பள்ளிகள் சென்டம் எண்ணிக்கையை விளம்பரப்படுத்தின. அங்கே படித்தவர்களோ பொறியியல் முதலாண்டுக் கணிதத்தில் அடிப்படை தெரியாமல் திணறினார்கள். இதைத் தடுக்க 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அதுவும் நீக்கப்பட்டுவிட்டது. எந்த எண் கணக்கில் எடுக்கப்படுகிறதோ, அதற்கு வெளியே இருக்கும் படிப்பு கைவிடப்படுகிறது.

பதில்: பெற்றோர் ஒருவர்

பட்டியலே கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளியில் கணித ஆசிரியர் பணியிடம் நெடுநாள் காலியாகக் கிடந்தபோது எங்கள் மனுக்கள் எதுவும் பலிக்கவில்லை. தேர்ச்சி விழுக்காடு சரிந்த பிறகுதான் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். எண்ணை மறைத்துவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு வேறு என்ன பிடிமானம் இருக்கிறது?

பதில்: புள்ளியியல் படித்தவர்

பெற்றோர் சொல்வது நியாயமானது. ஆசிரியையின் கவலையும் உண்மையானது. வகுத்தியை மாற்றினால் இரண்டுக்கும் இடமுண்டு என்று நினைக்கிறேன்.

இப்போதைய விழுக்காடு தேர்வு எழுதியவர்களை மட்டுமே வகுத்தியாகக் கொள்கிறது. ஒன்பதாம் வகுப்பில் ஐம்பது பேர் சேர்ந்த இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். முதல் பள்ளி பத்துப் பேரை விலக்கி, நாற்பது பேரைத் தேர்வுக்கு அனுப்பி, முப்பத்தொன்பது பேரைத் தேர்ச்சி பெறச் செய்தால் அதன் விழுக்காடு 97.5. இரண்டாம் பள்ளி ஐம்பது பேரையும் எழுதவைத்து நாற்பத்துநான்கு பேர் தேறினால் 88 தான். ஐந்து பிள்ளைகளைக் கூடுதலாகக் கரையேற்றிய பள்ளிதான் பட்டியலில் கீழே கிடக்கிறது, கூட்டத்தில் விளக்கமும் அதனிடமே கேட்கப்படுகிறது.

ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களை வகுத்தியாக வைத்தால் முதல் பள்ளிக்கு 78 விழுக்காடு, இரண்டாவதற்கு அதே 88. இதற்கெனப் புதிய தரவு எதையும் திரட்ட வேண்டியதில்லை. பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் தகவல் பதிவேடான எமிஸில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் இருப்பதால், வேறு பள்ளிக்கு மாறியவரையும் படிப்பையே விட்டவரையும் பிரித்தறிய முடியும். வகுப்பு நேரத்தைச் செலவழித்து ஆசிரியர்கள் பதிவேற்றும் அந்தத் தகவல், வருகைக் கணக்கோடு நின்றுவிடாமல் விடுபட்ட பிள்ளையைத் தேடிப்பிடிக்கவும் உதவ வேண்டும் என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இருபது பேர் உள்ள பள்ளிக்கு ஓராண்டு விழுக்காட்டை வைத்து இடம் தருவதே பிழை. மூன்றாண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்படி கேளுங்கள். உங்கள் பள்ளியில் கடந்த மூன்றாண்டுகளில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள், தேர்வு எழுதியவர்கள், தேறியவர்கள் என்ற மூன்று எண்களையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டத்திற்கு எடுத்துச் செல்லுங்கள். மற்றப் பள்ளிகளும் அதே மூன்றையும் தரட்டும்.