பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வென்ட்னர் போகலாமா, பிரைட்டனே போதுமா?

லூட்டன்வாசி:
மதுரையிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் தெற்கே ஐல் ஆஃப் வைட் தீவில் வென்ட்னர் என்ற ஊருக்குக் கூட்டிப் போக எனக்கு ஆசை. மலைச்சரிவில் அடுக்கடுக்காக விக்டோரியா காலத்து வீடுகள், கீழே கடல். படத்தில் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. வீட்டுக்காரரோ "பிரைட்டன் போதாதா, எதற்கு இந்த அலைச்சல்" என்கிறார். அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

சனிச்சாமி:
என் ஓட்டு உங்கள் வீட்டுக்காரருக்கு. நீங்கள் இருக்கும் லூட்டனிலிருந்து தென்கடற்கரையில் உள்ள பிரைட்டனுக்கு நேர் ரயில் இருக்கிறது, ஏறி உட்கார்ந்தால் போதும். வென்ட்னருக்கு முதலில் லண்டன், அப்புறம் வாட்டர்லூவிலிருந்து போர்ட்ஸ்மத் ஹார்பர், அங்கிருந்து 22 நிமிடம் படகு, தீவில் ரைட் என்ற ஊரின் கடற்பாலத்தில் (கடலுக்குள் நீளும் பாலம்) இறங்கி இன்னொரு ரயில். அதுவும் ஷாங்க்லின் என்ற ஊரோடு நின்றுவிடும், மீதிக்கு பஸ். வென்ட்னர் வரை ஓடிய ரயிலை 1966-லேயே நிறுத்திவிட்டார்கள். காரில் போகலாம் என்று நினைத்தால், கோடையில் காரோடு படகில் போய்வர நூறு பவுண்டுக்கு மேல் கேட்பது சர்வசாதாரணம். இவ்வளவும் செலவழித்துப் போனால் ஊர் முழுக்க ஏற்றம் இறக்கம். மூட்டுவலிக்காரரை அங்கே கூட்டிப் போவது பாவம்.

கடலாடி:
சனிச்சாமி எப்போதும் டிக்கெட் விலையில் ஆரம்பித்து டிக்கெட் விலையில் முடிப்பவர். ஒரே நாளில் போய்வர நினைத்தால்தான் இந்தக் கணக்கெல்லாம். அக்கா, ஓர் இரவாவது தங்குங்கள்.

அந்த ஊர் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்தால் ஆசை இன்னும் கூடும். வடக்கே 241 மீட்டர் உயரத்தில் செயின்ட் பானிஃபேஸ் குன்று, அதன் காலடியில் தெற்குப் பார்த்த சரிவு. வாடைக்காற்று நேராக இறங்காது, வெயில் நேராக விழும். 1830 வாக்கில் ஜேம்ஸ் கிளார்க் என்ற மருத்துவர் நெஞ்சு நோய்க்கு இந்த இடம் நல்லது என்று எழுதினார். பிற்பாடு விக்டோரியா ராணிக்கே வைத்தியம் பார்த்தவர் அவர். அதுவரை சில மீனவக் குடில்கள்தான் இருந்தன. அவர் எழுதியதும் பணக்காரர்கள் வரிசைகட்டி வந்து வீடு கட்டினார்கள். லண்டன் கடைகளின் உணவுக் கலப்படத்தை மைக்ராஸ்கோப் வைத்து அம்பலப்படுத்திய ஆர்தர் ஹில் ஹசல், தானே காசநோயாளி, இங்கேதான் நெஞ்சு நோய்க்கென்று ஒரு பெரிய மருத்துவமனை தொடங்கினார். ஒவ்வொரு நோயாளிக்கும் தெற்குப் பார்த்த தனி அறை. இன்று அந்த இடம் தாவரத் தோட்டம். இங்கிலாந்தில் திறந்த வெளியில் பனை வகைகள் செழித்து நிற்பதை உங்கள் அப்பா பார்க்க வேண்டாமா?

சனிச்சாமி:
இதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். இருமல்காரர்கள் குடியேறிய ஊரை அழகு அழகு என்கிறீர்கள். காசநோய்க்கு மருந்து வந்ததும் நோயாளிகள் வருவது நின்றுபோனது, 1964-ல் மருத்துவமனை மூடியது, இரண்டு வருடத்தில் ரயிலும் போனது, 1993-ல் வென்ட்னரின் கடற்பாலத்தையே பிரித்துப் போட்டார்கள். போதாததற்கு ஊரே நிலச்சரிவின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 2023 டிசம்பரில் பக்கத்துப் போன்சர்ச்சில் மண் சரிந்து, ஷாங்க்லினுக்குப் போகும் கடலோரச் சாலையை மூடினார்கள். தட்பவெப்பத்தைப் பற்றியும் ரொம்ப அளக்காதீர்கள். கார்ல் மார்க்ஸ் கடைசிக் காலத்தில் இரண்டு குளிர்காலம் அங்கே போய்த் தங்கினார். 1883 ஜனவரியில் மகள் இறந்த செய்தி வந்து ஊரைவிட்டுக் கிளம்பியவர், மார்ச்சில் தானும் போய்ச் சேர்ந்தார்.

கடலாடி:
மார்க்ஸ் இறந்ததற்கு வென்ட்னர் காற்றையா குற்றம் சொல்வீர்கள்? கடற்பாலம் போனது நிஜம். உங்கள் பிரைட்டனின் மேற்குக் கடற்பாலம் மட்டும் என்ன வாழ்கிறது? எரிந்துபோய் எலும்புக்கூடாகக் கடலில் நிற்கிறது. என்னைக் கேட்டால் ரயில் போனதுதான் வென்ட்னரைக் காப்பாற்றியது. கூட்டம் குறைந்தது, பணம் குறைந்தது, பழைய வீடுகளை இடித்துப் பெரிய ஓட்டல் கட்ட ஆள் வரவில்லை.

இன்னொன்று. லண்டனில் சட்டம் படித்த காலத்தில் காந்தி வென்ட்னருக்கு வந்திருக்கிறார். சைவ உணவுக் கூட்டத்தில் பேச எழுதி வைத்த ஒரு பக்கத்தைக்கூடப் படிக்க முடியாமல் நடுங்கி, கூட வந்த நண்பரைப் படிக்கச் சொன்னது இந்த ஊரில்தான். நம் அப்பாக்கள் தலைமுறைக்கு இதைச் சொன்னாலே பாதிப் பயணம் இனித்துவிடும்.

சனிச்சாமி:
சத்திய சோதனையை எடுத்துவிட்டீர்கள், சரி, மீதியையும் சொல்லுங்கள். தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவின் மகள் அவரை வென்ட்னர் குன்றுக்குக் கூட்டிப் போகிறாள். குதிகால் உயர்ந்த பூட்ஸ் போட்டுக்கொண்டு அவள் விறுவிறுவென்று ஏறி, அம்பு மாதிரி இறங்கிவிடுகிறாள். இவர் மேலே நின்று விழித்து, இடையிடையே தவழ்ந்து கீழே வந்து சேர்கிறார். வாலிப காந்தியே தவழ்ந்து இறங்கிய ஊருக்கு மூட்டுவலியோடு அம்மாவா?

பிரைட்டனிலும் காந்தி இருந்திருக்கிறார். பிரெஞ்சில் எழுதிய மெனு புரியாமல் விழித்தபோது ஒரு வயதான அம்மா உதவினார். பிரைட்டன் மக்கள் நல்லவர்கள்.

பனங்கிழங்கு:
சிரிச்சு முடியல அண்ணை. ஆனால் இரண்டு பேரும் தீவு என்றால் வென்ட்னர் மட்டும்தான் என்பதுபோல் அடிபடுகிறீர்கள். நான் ரைட்டுக்கு அடிக்கடி போய்வருகிறவன். அதுவும் விக்டோரியா காலத்து ஊர்தான், கடற்கரைச் சாலை சமதளம், அம்மா ஆறுதலாக நடக்கலாம். 1814-ல் திறந்த கடற்பாலம் இன்றைக்கும் பயன்பாட்டில் இருக்கிறது. அரை மைல் நீளம் வரும், படகிலிருந்து இறங்கிக் கரை வரை நடக்கவேண்டாம், ரயில் கடலுக்குள் வந்து ஏற்றிப்போகும். போர்ட்ஸ்மத்தின் சவுத்ஸீ கடற்கரையிலிருந்து ஹோவர்கிராஃப்டில் (காற்று மெத்தையில் மிதந்து ஓடும் வண்டி) வந்தால் பத்து நிமிடம்தான். ரைட்டில் தங்கிக்கொண்டு பஸ்ஸில் ஆஸ்போர்ன் மாளிகைக்குப் போங்கோ. விக்டோரியா கண்மூடிய இடம். லாகூரிலிருந்து பாய் ராம் சிங் வந்து அலங்கரித்த தர்பார் அறை அங்கே இருக்கிறது. இந்தியாவுக்கு ஒருநாளும் வராத மகாராணி, வீட்டுக்குள்ளேயே ஓர் இந்தியாவைக் கட்டி வைத்திருந்தா.

கடலாடி:
ரைட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அக்கா கேட்டது மலைச்சரிவையும் அடுக்கு வீடுகளையும். அது ரைட்டில் கிடைக்காது.

லூட்டன்வாசி:
ஒன்று சொல்ல விட்டுப்போனது. அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்.

சனிச்சாமி:
இதை முதலிலேயே சொல்லக் கூடாதா அம்மா! அப்படியென்றால் தீவுக்கே போங்கள். ரைட்டில் ஒரு தாழ்வான சுரங்கம், பெரிய ரயில் அதில் நுழையாது. அதனால் லண்டன் பாதாள ரயிலின் பழைய பெட்டிகளைத்தான் அங்கே ஓட்டுவார்கள். 1938 மாடல் பெட்டிகள் 2021 ஜனவரி வரை ஓடின. இப்போது ஓடுவது அதே பாதாள ரயிலில் டிஸ்ட்ரிக்ட் லைன் என்ற தடத்தின் பழைய பெட்டி, புதுப்பித்தது. நடுவே ஸ்மால்புரூக் என்று ஒரு ஸ்டேஷன், அங்கே நீராவி ரயிலுக்கு மாறலாம். அந்த ஸ்டேஷனுக்குச் சாலையே கிடையாது. ரயிலில் வந்து ரயிலில் போக வேண்டியதுதான். நீராவி வண்டி எல்லா நாளும் ஓடாது, தேதி பார்த்துக்கொள்ளுங்கள். வென்ட்னர் மேட்டைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

கடலாடி:
கீழே கடற்கரைச் சாலை வரை டாக்ஸியில் இறங்கிவிட்டால் அந்த மேடு அம்மாவை ஒன்றும் செய்யாது. உட்கார்ந்து நண்டு சாண்ட்விச் சாப்பிடட்டும். பக்கத்தில் ஸ்டீப்ஹில் கோவ் என்ற சின்னக் கடற்கரை மட்டும் வேண்டாம், அங்கே வண்டி போகாது, நடந்தே இறங்க வேண்டும், திரும்ப ஏறவும் வேண்டும்.

லூட்டன்வாசி:
அம்மா நண்டு சாப்பிட மாட்டார்! இருந்தாலும் ரைட்டில் தங்கி, ஒரு மத்தியானம் வென்ட்னர் என்று வைத்துக்கொள்கிறேன். நீராவி ரயில் என்று சொல்லி அப்பாவை என் பக்கம் சேர்த்தாகிவிட்டது, இனி வீட்டுக்காரர் மறுக்க முடியாது.

பனங்கிழங்கு:
டிக்கெட்டைத் துண்டு துண்டாக எடுக்காதேங்கோ. லண்டனிலிருந்து ரைட்டுக்கோ ஷாங்க்லினுக்கோ ஒரே ரயில் டிக்கெட் தருவார்கள், படகும் அதற்குள்ளேயே அடக்கம். ஹோவர்கிராஃப்டில்தான் போவீர்கள் என்றால் வாங்கும்போதே அதைச் சொல்லிக் கேளுங்கோ.