ஈ-1 விசா: தூத்துக்குடியில் ஏற்றும் சரக்கு சிங்கப்பூர் வணிகமாகக் கருதப்படுமா?

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் பதிவான எங்கள் மசாலாப் பொருள் நிறுவனத்தின் சார்பில், அமெரிக்காவுடன் ஒப்பந்தம் கொண்ட நாடுகளின் குடிமக்கள் வணிகத்துக்காக அங்கு தங்க வழங்கப்படும் ஈ-1 ஒப்பந்த வணிகர் விசாவுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். 2004-இல் நடைமுறைக்கு வந்த தடையற்ற வணிக ஒப்பந்தத்தால் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இவ்விசா கிடைக்கிறது. இந்தியக் குடிமக்களுக்கு இவ்வாய்ப்பு இல்லை. நிறுவனத்தில் பாதிப் பங்கு என்னுடையது. மறுபாதியை வைத்திருக்கும் என் மைத்துனர் இங்கு நிரந்தரவாசியாக இருந்தாலும் இந்தியக் குடிமகனே. ஆயினும் குறைந்தது 50 சதவீதம் ஒப்பந்த நாட்டுக் குடிமக்களிடம் இருந்தால் போதும் என்பதால், அந்த விதியில் மயிரிழையில் தேறிவிடுகிறோம்.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. நிறுவனத்தின் பன்னாட்டு வணிகத்தில் பாதிக்கும் மேற்பட்டது அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நடந்திருக்க வேண்டும். எங்கள் மிளகாய் வற்றலும் மஞ்சளும் தூத்துக்குடியில் கன்டெய்னரில் ஏறி நேரே அமெரிக்கா செல்கின்றன. இன்வாய்ஸும் வங்கி வரவும் மட்டுமே சிங்கப்பூரில் நடக்கின்றன. கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஆவணமான பில் ஆஃப் லேடிங்கில் ஏற்றுமதித் துறைமுகமாகத் தூத்துக்குடியே இருக்கும். இத்தகைய வணிகத்தைத் தூதரகம் ஏற்றுக்கொண்டதா, சரக்கின் உரிமை சிங்கப்பூர் நிறுவனத்திடம் இருந்ததைக் காட்ட எந்த ஆவணங்களைக் கேட்டது என்பதை, ஈ-1 பெற்றவர்களோ குடியேற்றச் சட்டம் அறிந்தவர்களோ தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். முகவர்களின் விளம்பரங்களைத் தயவுசெய்து தவிர்க்கவும்.